விடுமுறை வாரத்து வானிலை

ஆண்டின் கடைசி வாரம் நெருங்க நெருங்க, நம் இல்லத்திற்கு வருவோர் அனைவரும் ஒரே வினாவைக் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். "விடுமுறை வாரத்தில் மழை எப்படியாம்?" என்பதே அவ்வினா. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணியவர் கேட்கிறார். கேமரன் மலைக்குப் புறப்படுகிறவர் கேட்கிறார். வீட்டு வாயிலில் பந்தல் போட்டு மகளுக்கு நிச்சயதார்த்தம் நடத்த இருப்பவர் கேட்கிறார். விடியற்காலையில் பிரோகா குன்றின்மேல் ஏறிச் சூரியோதயம் காண விரும்பும் இளைஞர்களும் கேட்கிறார்கள். வினா என்னவோ சிறியதுதான். ஆனால் இவ்வினாவை அலட்சியமாகக் கேட்டு, அதைவிட அலட்சியமாக விடை கூறிய குற்றம் நம்முடையது. ஆகையால் அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் வாழ்வது செமினியில். சிலாங்கூர் மாநிலத்தில் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் சரிவுகள்; மேற்கே காஜாங்கும் அதனைத் தாண்டிக் கிள்ளான் பள்ளத்தாக்கும். ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இப்பூமி, இன்று வரிசை வரிசையான வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டது. நாம் குடியிருக்கும் தெருவிலும் முன்பு பால்மரங்களே நின்றன. மரங்கள் போயின, மழை மட்டும் போகவில்லை. அது பழைய இடத்தை மறவாமல் ஒவ்வொரு பிற்பகலும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

"குளிர்கால வானிலை" என்று நம் நாட்டில் யாரேனும் சொன்னால் சிரிப்பு வருவது இயல்பே. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று பாகையில் இருக்கும் ஊருக்குக் குளிர்காலம் ஏது? கோலாலம்பூரின் பெரிய அங்காடிகளில் டிசம்பர் மாதத்தில் பஞ்சினால் பனி செய்து வைக்கிறார்கள். வெளியே கதவைத் திறந்தால் வேர்க்கிறது, அல்லது மழை கொட்டுகிறது. இந்நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே கேமரன் மலையில் 1978 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கண்ட 7.8 பாகைதான். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தபோது, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பருவங்களின் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தனர். இறங்கிய இடத்தில் அப்பெயர்களுக்கு வேலை இல்லை. வெயில், மழை என்ற இரண்டே இங்கு இருந்தன. அவ்விரண்டும் பல நாட்களில் ஒரே நாளுக்குள் வந்துபோயின.

ஆயினும் குளிர்காலம் இங்கே அறவே இல்லை என்று கூறுவதும் பிழையாகும். ரப்பர் மரத்திற்கு ஒரு குளிர்காலம் உண்டு. ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி முதல் மார்ச்சு வரையிலான காலத்தில், மரங்கள் இலை பழுத்துச் சிவந்து உதிர்ந்து மொட்டையாக நிற்கும். தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் பாஷையில் இதனைக் குளிர்காலம் என்றே அழைத்தார்கள். அக்காலத்தில் பால் குறையும். பால் குறைந்தால் தொழிலாளியின் கையில் காசும் குறையும். அதற்கு முந்திய மாதங்களிலோ மழை. இலையுதிர்வுக்கு முன் மழை, மழைக்குப் பின் இலையுதிர்வு என்று இரண்டுக்கும் நடுவே நசுங்கியதுதான் தோட்டத்துத் தமிழனின் ஆண்டிறுதி.

இதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை. நம் அன்னையார் செமினிக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு அவர் எழுவார். விளக்கு ஏற்றுவதற்கு முன்னரே லயத்துக் கதவைத் திறந்து, வாசலில் நின்று, கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். அதுதான் அன்றைய வானிலை அறிக்கை. கை உலர்ந்து திரும்பினால் பிரட்டுக்குப் புறப்படுவார். நனைந்து திரும்பினால் மறுபடி வந்து எங்கள் அருகில் படுத்துக்கொள்வார். தூக்கத்தில் தாயின் உடம்புச் சூட்டை உணர்ந்து நாம் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. அந்த ஆனந்தத்தின் விலை ஒரு நாட்கூலி என்பதை அறியும் வயது அன்று நமக்கு இல்லை.

மழைக்கும் பால்வெட்டுக்கும் உள்ள பகையை அறியாத இளந்தலைமுறை இன்று வளர்ந்துவிட்டதால் அதனைச் சிறிது விளக்குதல் பொருந்தும். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் மரத்திலிருந்து பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆதலின் பொழுது புலருமுன் வெட்டத் தொடங்கவேண்டும். பட்டை ஈரமாக இருந்தால், வெட்டிய கோட்டின் வழியே ஓடி மங்கில் விழவேண்டிய பால், வழிதவறிப் பட்டையெங்கும் பரவி வீணாகும். வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ, மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். ஆகையால் மரம் நனைந்த நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் சம்பளமும் இல்லை என்பதே நாட்கூலிக் காலத்தின் நியதி. தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் வேண்டும் என்று நெடுங்காலம் போராடியதன் உட்பொருள் இதுவேயாகும். வானம் செய்யும் காரியத்திற்குத் தொழிலாளியின் வயிற்றில் அபராதம் விதிப்பது நீதியன்று என்பதுதான் அக்கோரிக்கை.

1970 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நம் நினைவில் அழியாமல் நிற்கிறது. நாம் அப்பொழுது தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருந்தோம். அக்காலத்தில் ஜனவரியில் பள்ளி திறக்கும். எனவே டிசம்பர் மாதத்துச் சம்பளத்தில்தான் புதுச் சட்டை, புத்தகம், வெள்ளைச் சப்பாத்து ஆகிய அனைத்தும் வாங்கியாக வேண்டும். "இந்த வருஷம் உனக்குப் புதுச் சப்பாத்து" என்று அன்னையார் வாக்களித்திருந்தார். விடுமுறை நாட்களில் நாமும் நம் தமக்கையாரும் அவருடன் காட்டுக்குச் சென்று ஒட்டுப்பால் பொறுக்கி உதவுவது வழக்கம். ஆனால் அந்த டிசம்பரின் கடைசி வாரத்தில் கதவருகே நீட்டிய கை நாள்தோறும் நனைந்தே திரும்பியது. மழை நாட்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறின. அன்னையார் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஒவ்வொரு மழை நாளுக்கும் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தார். நாமோ உள்ளே படுத்துக்கொண்டு, மழையே போகாதே, போகாதே என்று மனத்துக்குள் வேண்டிக் கொண்டிருந்தோம்.

நம் வேண்டுதல் பலித்தது என்றே சொல்லவேண்டும். 1971 ஜனவரி முதல் வாரத்தில் கோலாலம்பூர் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. 32 பேர் இறந்தனர். ஏறக்குறைய 1,80,000 மக்கள் பாதிக்கப்பட்டனர். பேரிடர் என்று அரசாங்கம் அறிவித்தது. தலைநகரின் வெள்ளத்தடுப்புத் திட்டங்களுக்கு அந்த வெள்ளமே பெரிய தூண்டுகோல். 2007 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, வெள்ளநீருக்கும் வண்டிகளுக்கும் ஒருங்கே பயன்படும் 9.7 கிலோமீட்டர்ச் சுரங்கம் அத்தகைய முயற்சிகளின் நீண்ட வரிசையில் வந்ததாகும். பள்ளி திறந்தபொழுது நாம் பழைய சப்பாத்தின் நுனியை வெட்டிவிட்டு, விரல்கள் வெளியே தெரிய நடந்தோம். அன்னையார் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மழையை வேண்டியது நாம்தான் என்பதை நாமும் அவரிடம் சொல்லவில்லை.

நிற்க. வானத்தை முன்கூட்டி அறியவேண்டும் என்ற ஆசை நம்மவர்க்குப் புதிதன்று. தமிழகத்து உழவர் இதே விடுமுறை வாரத்தில்தான் தங்கள் பெரிய வானிலைக் கணக்கைத் தொடங்கினர். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் ஏறத்தாழ பதினான்கு நாட்களில், அதாவது டிசம்பர் இறுதி முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரையில், மேகங்களின் ஓட்டத்தை நோக்கி, வரும் ஆண்டின் மழையைக் கணித்தனர். இதற்குக் கர்ப்போட்டம் என்று பெயர். அந்நாட்களில் மேகம் கருக்கொள்கிறது, பின்னர் உரிய காலத்தில் பிறக்கிறது என்பது அவர் கொள்கை. பஞ்சாங்கமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று அளந்தே கொடுத்துவிடுகிறது.

இவற்றை நாம் முற்றிலும் இகழ மாட்டோம். வானத்தை அண்ணாந்து பார்த்தவன், பாராதவனைவிட மேலானவன். தும்பி தாழப் பறந்தால் மழை வரும் என்ற தோட்டத்துப் பேச்சிலும் சிறிது உண்மை இருக்கக்கூடும். ஆனால் கணிப்பு என்று ஒன்று சொல்லப்பட்டால், அது எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று குறித்து வைத்தாக வேண்டும். பலித்ததை மட்டும் ஊரெல்லாம் பேசி, பொய்த்ததை மறந்துவிடுவது அறிவாகாது. மேலும், தமிழகத்து மழைக்காகக் குறிக்கப்பட்ட கணக்கைக் கடல் கடந்து கொண்டுவந்து செமினியில் விரித்து வைத்து, மரக்கால் கணக்குப் பார்ப்பதில் பொருள் உண்டா? அங்கே ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. இங்கே கதை வேறு.

அந்தக் கதையைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம்மிடம் குளிர்காலம் இல்லை; ஆனால் குளிர்காலத்தின் கை நம்மையும் தொடுகிறது. டிசம்பர் மாதத்தில் வடக்கே சைபீரியாவின் பனிநிலத்தின்மேல் குளிர்ந்த, கனத்த காற்று குவிகிறது. குவிந்த காற்று ஓரிடத்தில் அடங்கி நில்லாது. இடையிடையே உடைப்பெடுத்த ஏரிபோல் தெற்கு நோக்கிப் பாய்கிறது. சீனக் கரையைக் கடந்து, சில நாட்களுக்குள் தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பின்மேல் வந்து சேர்கிறது. வழியெங்கும் ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. பின்னர்க் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களில் மோதி, மழையாகக் கொட்டுகிறது. சைபீரியாவில் பனியாய் உறைந்து கிடப்பது, கிளந்தானில் வெள்ளமாய் ஓடுகிறது என்று கூறினும் பெரிதும் பிழையாகாது. 2014 டிசம்பரின் விடுமுறை நாட்களில் கிழக்குக் கரையில் எழுந்த பெருவெள்ளத்தில் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது.

மேற்குக் கரையிலுள்ள நமக்கோ தித்திவங்சா மலைத்தொடர் மதில்போல் நின்று காக்கிறது. நம்முடைய பெருமழை பெரும்பாலும் பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலங்களில், ஏப்ரல் மாதத்தை ஒட்டியும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வருவது. தீபாவளிக்கு வாணவெடியோடு போட்டியிடும் இடிமுழக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. காலையில் வெயில் காய்கிறது; நிலம் சூடேறுகிறது; கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது; மலையடிவாரத்தில் மேகம் கோபுரம்போல் எழுகிறது; நான்கு மணிக்கு இடியும் மழையும். இந்த மேகங்கள் சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை. ஆகையால்தான் செமினியில் கொட்டும்போது காஜாங்கில் காய்கிறது. காஜாங்கில் கொட்டும்போது செமினியில் துணி உலர்கிறது.

இந்நாட்டு வானிலைத் துறை மூன்று பொழுதுகளுக்கும் முன்னறிவிப்புத் தருகிறது. காலை, பிற்பகல், இரவு என்று பிரித்து, ஏழு நாட்களுக்குச் சொல்கிறது. செமினி வாசிகளாகிய நாம் பெரும்பாலும் காண்பது, "பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்ற ஒரே வாசகத்தைத்தான். இதைப் படித்து நகையாடாதவர் நம் ஊரில் இல்லை. "ஓரிரு இடம் என்றால் எந்த இடம்? அதைச் சொல்லாமல் சம்பளம் வாங்குவானேன்?" என்று தேநீர்க் கடையில் கேட்பார் உளர். நாமும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆராய்ந்து பார்த்தால், அந்த "ஓரிரு இடம்" என்ற சொல்லே அறிவியலின் நாணயம் என்பது விளங்கும். கொதிக்கும் உலையில் குமிழிகள் எழும் என்று திண்ணமாகச் சொல்லலாம். அடுத்த குமிழி எந்த இடத்தில் எழும் என்று சொல்லமுடியாது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வது குற்றமா? மரக்கால் கணக்குச் சொல்லும் பஞ்சாங்கத்துக்கு இந்த நாணயம் ஒருபொழுதும் இருந்ததில்லை.

வானிலை கூறுவோரை நகையாடுவது உலகெங்கும் பழைய வழக்கம். 1859 ஆம் ஆண்டில் பிரிட்டனின் கரையோரத்தில் ஒரு பெரும்புயலால் கப்பல்கள் அழிந்த பின்னர், ராபர்ட் பிட்சுராய் என்னும் கடற்படை அதிகாரி புயல் எச்சரிக்கை முறையை ஏற்படுத்தினார். 1861 ஆகஸ்டு முதல் நாளில் அவருடைய முதல் வானிலை முன்னறிவிப்பு லண்டன் நாளிதழில் வெளிவந்தது. பலித்த நாளில் எவரும் நன்றி கூறவில்லை; பொய்த்த நாளில் எல்லோரும் ஏளனம் செய்தனர். 1865 இல் அவர் மறைந்தபின் சில ஆண்டுகள் அவ்வெளியீடே நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியதற்குக் காரணம், அதனால் உயிர் பிழைத்தோர் இருந்தமையே. நம் மலாயாவில் வானிலைப் பணிக்கென்று ஒரு துறை 1929 இல் ஏற்பட்டது. அதன் வாரிசாகிய துறையே இன்று செயற்கைக்கோள், கதிரலைக் கருவி, கணிப்பொறி ஆகியவற்றின் துணையோடு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களில் எச்சரிக்கை கொடுக்கிறது.

இவ்வளவும் நாம் முன்னமே அறிந்திருந்தோம். அறிந்ததில் சிறிது செருக்கும் நமக்கு இருந்தது. இனிச் சொல்லப்போவது அந்தச் செருக்கின் கதை.

2021 டிசம்பர் நடுவில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நடந்துகொண்டிருந்தது. நம் தமக்கையார், கணவரை இழந்தவர், ஷா ஆலம் பக்கத்தில் கிள்ளான் ஆற்றுக்கு அண்மையான தாழ்ந்த குடியிருப்பு ஒன்றில் இரண்டு பேரக் குழந்தைகளுடன் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை நமக்குத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மழை ரொம்பப் பலமாய் இருக்கும் என்று சொல்லுகிறார்களே. பிள்ளைகளுக்கும் லீவுதான். உன் வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகவா?" என்று கேட்டார்.

நாம் சிரித்தோம். "அக்கா, இது வடகிழக்குப் பருவக்காற்று. இது கொட்டுவதெல்லாம் கிளந்தானுக்கும் திரெங்கானுக்கும்தான். நமக்கு மலை இருக்கிறது. டிசம்பரில் இந்தப் பக்கம் வெள்ளம் வராது. மழையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலையவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அழைத்து வருகிறேன்" என்றோம். தம்பி படித்தவன், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார்.

அந்த வாரம் வானம் நாம் படித்த பாடத்தைப் படிக்கவில்லை. தென்சீனக் கடலில் உருவான ஒரு காற்றழுத்தத் தாழ்வு, கிழக்குக் கரையில் நின்றுவிடாமல், தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்கு வந்துவிட்டது. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 2,400 மில்லிமீட்டர். மாதத்துக்கு 200 ஆகிறது. தலைநகரை ஒட்டிய பகுதிகளில் ஒரு மாதத்து மழைக்கு மேற்பட்டது ஒரே நாளில் விழுந்தது. 17 ஆம் நாள் வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை, சனிக்கிழமையும் ஓயவில்லை. பிற்பகல் இடிமழையைப்போல் கொட்டிவிட்டுப் போகும் மழையன்று அது. இடியின்றி, காற்றின்றி, கணக்கெழுதுபவன்போல் நிதானமாகப் பெய்தது. நம் உலு லங்காட்டிலேயே மலையிலிருந்து ஆறுகள் சேற்றையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு இறங்கின. சிலாங்கூரில் ஷா ஆலமும் கிள்ளானும் நீரில் நின்றன.

சனிக்கிழமை இரவு தமக்கையாரின் வீட்டில் முழங்காலளவு புகுந்த நீர், ஒரு மணி நேரத்திற்குள் மார்பளவாயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சுவரேறி வந்து குழந்தைகளைத் தோளில் சுமந்து, தம் வீட்டு மேல்மாடிக்குக் கொண்டுசேர்த்தார். அந்த மாடியின் ஒரே அறையில் மூன்று குடும்பங்கள் இரண்டு இரவுகள் இருந்தன. ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பதினோரு பேர் பங்கிட்டுக் கொண்டனர். நாம் செமினியிலிருந்து புறப்பட்டும் பயனில்லை. சாலைகள் எல்லாம் ஆறுகளாக இருந்தன. தொலைபேசியில் தமக்கையாரின் குரல் கடைசியாகக் கேட்டபொழுது, "நீ பயப்படாதே தம்பி" என்று அவர் நமக்கு ஆறுதல் கூறினார். பிறகு அந்தக் கருவியின் உயிரும் போய்விட்டது. திங்கட்கிழமை, முன்பின் அறியாத இளைஞர்கள் சிலர் படகில் வந்து அவர்களை மேட்டு நிலத்திற்குக் கொண்டுவந்தனர். அவ்விளைஞர்களில் சீனர் இருந்தனர், மலாய்க்காரர் இருந்தனர், தமிழர் இருந்தனர். யாரும் யாரையும் சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை.

நம் தமக்கையார் பிழைத்தார். அந்த வெள்ளங்களில் நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை. அவ்வாண்டின் வெள்ளச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர்க் கணக்கிட்டது. அந்தக் கணக்கில் அடங்காதது ஒன்று உண்டு. நம் அன்னையாருக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அது தமக்கையாரின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. நாம் போய்ப் பார்த்தபொழுது கண்ணாடி உடையாமல் இருந்தது. உள்ளே படம் இல்லை, பழுப்பு நிறச் சேறுதான் இருந்தது. தமக்கையார் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய சப்பாத்தின் நுனியை வெட்டிய நாளில் அன்னையார் இருந்ததுபோலவே இருந்தார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. பஞ்சாங்கத்தை நம்புகிறவனை நாம் எத்தனை முறை எள்ளியிருக்கிறோம்! ஆனால் நாம் செய்தது என்ன? "டிசம்பரில் மேற்குக் கரைக்கு வெள்ளம் வராது" என்ற ஒரு வாக்கியத்தை எப்போதோ படித்தோம். அதையே வேதவாக்காக்கி வைத்துக்கொண்டோம். பலித்த ஆண்டுகளை எண்ணினோம். பொய்த்த ஆண்டை மறந்தோம். நாம் சிறுவனாக இருந்தபோது இதே கோலாலம்பூர் ஜனவரியில் மூழ்கியதை நம் கால்விரல்களே அறிந்திருந்தும், மூளை மறந்துவிட்டது. பழைய ஓலையில் எழுதியிருந்தால்தான் மூடநம்பிக்கை என்பதில்லை. அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தாலும், சோதித்துப் பாராமல் பிடித்துக்கொண்டால் அதுவும் மூடநம்பிக்கையே. வானிலைத் துறையின் எச்சரிக்கை அன்றைய வானத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நாமோ பழைய விதியைப் பார்த்துப் பதில் சொன்னோம். படிக்காத தமக்கையார் எச்சரிக்கையை மதித்தார். படித்த நாம் அதனைத் தடுத்தோம். யார் பகுத்தறிவாளர் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

விதிகளை நம்பி ஏமாந்தவர் நாம் மட்டுமல்லர் என்பதற்கு இவ்விடுமுறை வாரமே சாட்சி. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகைக்குள் சுழற்புயல் உருவாகாது என்று அறிஞர்களே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பூமியின் சுழற்சி காற்றுக்கு அளிக்கும் திருப்பம் அங்கே மிகக் குறைவு என்பது காரணம். 2001 டிசம்பர் 27 அன்று, ரேகைக்கு ஒன்றரைப் பாகை அருகில் உருவான வாமெய் என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்கே கரையேறியது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1996 டிசம்பர் 26 இரவில், கிரெக் என்ற புயல் சபாவில் கெனிங்காவைத் தாக்கி இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபொழுது, நூறு பேருக்கு மேல் ஏறியிருந்த புகைவண்டியும் அலையில் போயிற்று. நாம் கொண்டாட்டத்திற்கு ஒதுக்கிய வாரத்தை வானம் ஒதுக்கி வைக்கவில்லை. அதற்கு விடுமுறை கிடையாது.

அப்படியானால் விடுமுறை வாரத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டுமா என்று சிலர் கேட்பர். வேண்டியதில்லை. நாம் இன்று செய்வது எளியது. ஒவ்வொரு காலையும் துறையின் அறிவிப்பைப் படிக்கிறோம். "ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்றிருந்தால், குடை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். பந்தல் போடுகிறவருக்கு மேலே ஒரு தார்ப்பாயும், நான்கு மணிக்கு முன் விருந்தும் வைத்துக்கொள்ளுமாறு சொல்கிறோம். "பெரும்பாலான இடங்களில் மழை" என்று வந்தாலோ, நிறம் ஏறினாலோ, சிரிப்பதை நிறுத்திவிடுகிறோம். ஆற்றோரத்தில் இருக்கும் உறவினர்க்கு நாமே முதலில் அழைக்கிறோம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து, குழந்தைகளின் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்கிறோம். எச்சரிக்கை பொய்த்துவிட்டால் நட்டம் என்ன? உறவினர் வீட்டில் நாலு வேளைச் சோறு. மெய்யாகிவிட்டால் மிஞ்சுவது உயிர்.

இன்னுமொன்று. நம் முதியோர் பலர் மலாயும் ஆங்கிலமும் படிக்க அறியாதவர். கைக்குள் தொலைபேசி இருந்தும், அதில் வரும் எச்சரிக்கை அவர்க்கு வெறும் ஒலியே. ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் படித்த பிள்ளை ஒன்று, விடுமுறை வாரத்தில் பாட்டிக்கு வானிலையைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வேலையை ஏற்கவேண்டும். கோயில்களும் சங்கங்களும் திருவிழா அறிவிப்புக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கியில், சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் அதனையும் கூறவேண்டும். நல்ல நேரம் பார்த்துச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கும் சமூகத்தில், மழை நேரம் பார்த்துச் சொல்லப் பத்துப் பேராவது வேண்டாமா?

நம் தமக்கையார் இப்பொழுது செமினியில் நம்முடனேயே இருக்கிறார். விடியற்காலையில் அவர்தான் முதலில் எழுகிறார். பேரன் தொலைபேசியைப் பார்த்து, "பாட்டி, காலையில் மழை இல்லை, பிற்பகலில் ஓரிரு இடங்களில்" என்று வாசிக்கிறான். அவர் கேட்டுக்கொள்கிறார். ஆனாலும் கதவைத் திறந்து, வாசலில் நின்று, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டே உள்ளே வருகிறார். முன்பெல்லாம் நாம் இதைக் கண்டு நகைத்திருப்போம். இப்பொழுது நகைப்பதில்லை. அறிவிப்பையும் கேட்கவேண்டும், கையையும் நீட்டவேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவன் இவ்வீட்டில் நாம் ஒருவனே.